எசெரா எதைப் பார்க்கிறான்?

அத்தியாயம் 12

முலிதாலோ குடும்பத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது குடும்பத் தலைவர் முலிதாலோ. கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பூமாலை, சிரிப்பு மருந்துக்கும் இல்லாத முகம். விரலால் தள்ளினால் மறுபடியும் முலிதாலோ, இந்த முறை நாற்காலியில். அவருக்குக் கீழே போதகர். போதகருக்குக் கீழே கூரைத் தகரம் வாங்கிக் கொடுத்தவர்கள், கம்பம் வெட்டிச் சுமந்தவர்கள், பாய் முடைந்தவர்கள் என்று பெயர்கள், பட்டத்தின் உயர்வு தாழ்வுப்படி, விரல் சலிக்கிற வரைக்கும்.

சமோவாவின் இந்தக் கடற்கரையில் ஃபாலேக்கள் இருக்கின்றன, சுவரில்லாத அந்தக் குடில்களில் வந்து தங்கலாம், அலை காலடியில் வந்து போகும் என்பதெல்லாம் இத்தனைக்கும் அடியில் கிடந்தது. தங்க நினைக்கிறவர் அமுக்க வேண்டிய பொத்தான் அதற்கும் அடியில். கடல் நீலத்தில், கடல் படத்தின் மேலேயே.

போன மாதம் குடும்பத்துப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்த வரிசை அது. தாலிதா ஆக்லாந்தில் ஆறு வருஷம் இணையப் பக்கம் வடிவமைக்கிற வேலையில் இருந்தவள். அந்தக் கூட்டத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை, வந்தவர்களுக்குக் கோகோ ஊற்றிக் கொடுத்தது.

தினமும் ஆட்கள் பக்கத்தைத் திறக்கிறார்கள். அது அவளுக்குத் தெரிகிறது. திறந்த வேகத்தில் மூடிவிட்டுப் போகிறார்கள். அதுவும் தெரிகிறது. புயல் அடித்துக்கொண்டு போன குடில்களைத் முன்னால் நின்று திரும்பக் கட்டியவன் அவள் அண்ணன் எசெரா. கட்டி முடித்த குடில்களில் இன்னும் ஒரு விருந்தாளிகூடப் படுக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம்" என்று நேற்று அவளிடம் சொல்லியிருந்தான். "ஒருத்தராவது வர்றதாச் சொன்னா நான் இங்கயே இருக்கேன். இல்லைன்னா தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுத்துடறேன். ஆள் எடுக்கிறவங்க வேன் படகுத்துறையில நிக்குது."

தோட்டத்து வேலை என்றால் ஆஸ்திரேலியா. ஆப்பிள் பறிப்பது. ஒரு முறை போய்விட்டு வந்தவன்தான். போகும்போது இரண்டு தோளோடு போனான். வரும்போது வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இன்றைக்கும் சட்டை போட அம்மா ஒரு கை கொடுக்க வேண்டும்.

காலையில் சமையல் குடிலில் தாலிதா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, இதை ஒருத்தர் திறந்தா முதல் பார்வை எங்க விழும், சொல்லுங்க."

"என் மேல."

"அப்புறம்?"

"என் மேல." முலிதாலோ கோகோவை ஊதிக் குடித்தார். "சரியாத்தானே இருக்கு?"

"உங்களைப் பார்க்கவா அவங்க பணம் கட்டி விமானம் ஏறி வர்றாங்க?"

"வீட்டுக்கு வர்றவன் வீட்டுத் தலைவனைப் பார்க்காம வேற யாரைப் பார்ப்பான்? பன்னியையா?"

தாலிதா மூச்சை இழுத்து விட்டாள். "கண்ணுக்கு ஒரு பழக்கம் இருக்கு அப்பா. பெருசா இருக்கறதை முதல்ல பார்க்கும். முகம் இருந்தா அங்க ஒட்டிக்கும். அந்த முகம் நேரா உங்களையே முறைச்சா, நகரவே நகராது. நீங்க முறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. வந்தவன் உங்களைத் தாண்டிப் போகப் பயந்துக்கிட்டு வந்த வழியே போயிடறான். பட்டன் மேல வரணும்."

"பட்டன் மேல வரணுமா?" முலிதாலோ கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பட்டனோட வேலை என்ன? வந்தவனுக்குப் பாய் போடறது. பாய் போடறவன் எங்க நிப்பான்? பின்னால. பெரியவங்க சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவன் தட்டைத் தொடணும். அவனைக் கொண்டுபோய்ப் போதகர் தலைக்கு மேல உக்கார வைக்கச் சொல்றியா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெரியவர்கள் பக்கம் போடவில்லை, பந்தி போட்டிருக்கிறார்கள். பட்டத்துக்காரர் முதலில், போதகர் பக்கத்தில், கொடுத்தவர்கள் அடுத்து, கைவேலை செய்தவர்கள் அதற்கடுத்து. எல்லாரும் எழுந்து போன பிறகு மிச்சத்தில் உட்கார எசெராவின் குடில்கள். தட்டு கழுவ அந்தப் பொத்தான்.

"சரி, கூட்ட வீட்டுக்கே வாங்க. ஆவா பானம் குடிக்கிற சடங்குல நீங்க எங்க உக்காருவீங்க?"

"தெரியாத மாதிரி கேட்காதே. ஓரக் கம்பத்துல."

"முதல்ல பேசறது நீங்களா?"

"நான் எதுக்குப் பேசணும்? பேச்சுக்குன்னு ஆள் இருக்கார், அவர் பேசுவார்."

"நடுவுல யார் உக்காருவா?"

"நடுவுல யாரும் உக்காரக்கூடாது. நடு வெறுமையாத்தான் இருக்கணும்."

"அப்ப இங்க மட்டும் ஏன் நடுவுல வந்து, வாசலை அடைச்சு, நீங்களே கத்திக்கிட்டு நிக்கறீங்க?"

முலிதாலோவின் முகம் படத்தில் இருக்கிற முகமாக மாறியது. குடிலுக்கு வெளியே எசெரா தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். உரிக்கிற சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி கேட்டது.

"உங்க அத்தைகிட்ட கேளு" என்றார் கடைசியில். "தகரம் அவ கொடுத்தது."

இதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். சமோவாவில் ஒருவர் எவ்வளவு பெரிய பட்டம் வைத்திருந்தாலும் கூடப்பிறந்தவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல மாட்டார். அத்தை மிலியாமா ஆக்லாந்தில் ஆஸ்பத்திரித் தரை துடைக்கிற வேலையில் இருந்தாள். போனில் வந்தபோது தலையில் வலை, கையில் ரப்பர் உறை.

"போதகரைக் கீழ இறக்கறதா? நான் எந்த முகத்தோட அவர் சம்சாரத்தைப் பார்க்கறது?"

"பட்டன் யாருக்கும் தெரியலை அத்தை."

"எனக்குத் தெரியுதே!"

"எங்க இருக்கு, சொல்லுங்க."

மிலியாமா தன் போனைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். "இங்கதான் இருந்துது... கீழ எங்கயோ... இரு, கண்ணாடி போட்டுக்கறேன்..." சட்டென்று குரல் உயர்ந்தது. "அது தெரியலைன்னா எல்லாத்தையும் சிவப்பாக்கிடு! போதகர் பேரு, உங்கப்பா பேரு, பட்டன், எல்லாம் சிவப்பு. சிவப்புன்னா பளிச்சுனு தெரியும்."

"எல்லாம் சிவப்பா இருந்தா எது தெரியும்?"

"எல்லாம்!"

போன் கட்டானது. அங்கே யாரோ வாளியைக் கேட்டிருக்க வேண்டும்.

தாலிதா லேப்டாப்பை அறைந்து மூடினாள். "எசெரா! வண்டியை எடு. படகுத்துறைக்குப் போகணும்."

படகு அப்போதுதான் வந்து ஆட்களைத் துப்பியிருந்தது. முதுகு மூட்டை தூக்கினவர்கள், தோலுரிந்த மூக்குகள், பஸ் எது என்று தெரியாமல் திரும்பித் திரும்பி நிற்கிற குடும்பங்கள். தாலிதாவுக்கு வேண்டியது இவர்கள்தான். ஒரு பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆக்லாந்தில் அவள் செய்த வழி இதுதான். தெரியாத ஆளிடம் ஒரு மூச்சு விடுகிற நேரம் காட்டு, பிடுங்கிக்கொள், என்ன பார்த்தாய் என்று கேள். பார்த்ததைத்தான் சொல்வார்கள், நீ வைத்ததை அல்ல.

"ஆணி வாங்கணும்" என்று எசெரா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனான்.

முதலில் மாட்டியவன் மூக்கு உரிந்த ஒரு பையன். கூட ஒரு பெண். தாலிதா போனைக் காட்டினாள், மறைத்தாள்.

"என்ன பார்த்தீங்க?"

"ஒரு தாத்தா."

"அப்புறம்?"

"அதே தாத்தா." பையன் கூட வந்தவளைப் பார்த்தான். "அப்புறம் சாமியார் மாதிரி ஒருத்தர்."

"வேற?"

பையன் தயங்கினான். குரலைத் தணித்துக்கொண்டான். "உங்களுக்கு ரொம்ப வேண்டியவரா? எப்ப தவறினார்?"

தாலிதாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் காது சுட்டது. "தவறலை. காலையில கோகோ குடிச்சார்."

"அய்யோ, மன்னிச்சிடுங்க. கறுப்புக் கோட்டு, மாலை, கீழே வரிசையாப் பேரு... துக்கத்துக்கு வந்தவங்க பேருன்னு நினைச்சேன்."

"நான் சர்ச்னு நினைச்சேன்" என்றாள் கூட வந்தவள், ஆறுதலாக.

அடுத்து இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண். அவளும் சர்ச் என்றாள். பிறகு ஒரு கிழவர். "நன்கொடை கேக்கறீங்களா?" என்று பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வெயில் ஏறிவிட்டது. கடைசியில் தொப்பி போட்ட ஒரு பெண் கையில் போனையே கொடுத்துவிட்டாள். "இதுல தங்கறதுக்கு இடம் பிடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்." கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணின் கண்களை மட்டும் பார்த்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை.

கண் அப்பா முகத்தில் போய் இடித்தது. சறுக்கிப் பெயர்களுக்குப் போனது. பெயர்களில் பிடி கிடைக்காமல் மேலே ஏறி மறுபடி அப்பாவிடமே வந்தது. கட்டை விரல் கீழே தள்ளியது, தள்ளியது, சோர்ந்தது. பொத்தான் வந்தது. கண் அதன் மேலேயே ஓடிக் கடந்து போனது. கடல் என்று நினைத்துவிட்டது.

"இதுல தங்க இடமெல்லாம் இல்லைம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள் அந்தப் பெண். "எங்களுக்கு அடுத்த ஊர்ல இடம் போட்டாச்சு."

தாலிதா போனைக் கடலில் எறியலாமா என்று பார்த்தாள். எறியவில்லை. தவணை பாக்கி இருந்தது.

தலையை நிமிர்த்தியபோது துறையின் கடைசியில் வெள்ளை வேன் ஒன்று கதவைத் திறந்து போட்டு நின்றது. சுற்றி ஆம்பிளைகள். அவர்களுக்குள்ளே எசெராவின் முதுகு மாதிரி ஒரு முதுகு தெரிந்தது. அதற்குள் மூக்கு உரிந்த பையன் திரும்பி வந்து, "உங்கப்பாவுக்கு நல்ல ஆரோக்கியம் கிடைக்கட்டும்" என்று வாழ்த்த, அவனுக்குப் பதில் சொல்வதில் அது மறந்து போனது.

எசெரா வெறுங்கையோடு வந்து வண்டியில் ஏறினான்.

"ஆணி?"

"அப்புறம் வாங்கிக்கலாம்."

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். சாவு வீடாம், சர்ச்சாம், நன்கொடையாம். எசெரா பன்றிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வண்டியை ஓட்டினான். வழக்கமாக இதற்கெல்லாம் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறவன்.

வீட்டுக்கு வந்ததும் கடைசிக் குடிலின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வலது தோளை இடது கையால் பிடித்திருந்தான். பின்னால் விரித்த பாய், தூக்கிக் கட்டிய கொசுவலை, இரண்டு கம்பத்துக்கு நடுவே கடல். அவன் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்த பார்வையில் தாலிதாவும் தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒன்றும் இல்லை. தண்ணீர்தான்.

அவள் சட்டென்று போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள். தொழில் பழகிய கை, யோசித்து எடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சைக்கிள்காரி வந்தாள்.

அறுபது வயசிருக்கும். தீவைச் சுற்றி சைக்கிளில் போகிறவள், முகமெல்லாம் புழுதி. வண்டியை வேலியில் சாய்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா ஸலோமேயிடம் நேராக வந்தாள். வழியில் பறித்த செம்பருத்தி இரண்டு கையில்.

"உங்களுக்கு இருக்கற துக்கத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். குடிக்கத் தண்ணி மட்டும் வேணும்." பூவை நீட்டினாள். "உங்க வீட்டுக்காரரை இன்டர்நெட்ல பார்த்தேன். எவ்வளவு கம்பீரமான மனுஷர்."

ஸலோமே பூவை வாங்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளிப் பலா மரத்தடியில் கம்பீரமான மனுஷர் மேலுக்குச் சட்டையில்லாமல், இடுப்பில் சுற்றிய லாவலாவாவை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, மீன் செதிள் உரித்துக்கொண்டிருந்தார். தொப்பையில் செதிள் ஒட்டி மின்னியது.

சைக்கிள்காரியும் திரும்பிப் பார்த்தாள். ஹெல்மெட் கீழே விழுந்தது.

ஸலோமேக்கு அடி வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. துணிக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "முலிதாலோ! உன் சாவுக்கு வந்திருக்காங்க! எழுந்து வந்து வாங்கன்னு சொல்லு!"

"என்ன சொல்றா இவ?" என்று முலிதாலோ மகளைக் கேட்டார்.

தாலிதா சொன்னாள். படகுத்துறையில் கேட்டதையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னாள். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அதில் வந்தது.

முலிதாலோ மீனை ஓரமாக வைத்தார். கத்தியைக் கழுவினார், கையைக் கழுவினார். உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வந்தவளுக்குத் தன் கையாலேயே இளநீர் வெட்டிக் கொடுத்து, நிழலில் பாய் போட்டு உட்கார வைத்தார். எந்த நிலையிலும் விருந்தாளி விருந்தாளிதான்.

சைக்கிள்காரி வெட்கத்தில் இளநீரைப் பாதி சிந்தினாள். குடித்து முடித்துச் சுற்றும் முற்றும் பார்த்தாள். குடில்களைப் பார்த்தாள், கொசுவலையைப் பார்த்தாள், அலையைப் பார்த்தாள்.

"இது வாடகைக்கு விடறதா? அடடா. நான் அடுத்த ஊர்ல பணம் கட்டிட்டேனே. தெரிஞ்சிருந்தா இங்கதான் தங்கியிருப்பேன்."

அவள் போன பிறகு முலிதாலோ கையை நீட்டினார். "போனைக் கொடு."

முதல் முறையாக அவர் அந்தப் பக்கத்தை ஊர் பேர் தெரியாதவன் பார்க்கிற மாதிரி பார்த்தார். தன்னைத் தாண்டினார். மறுபடி தன்னைத் தாண்டினார். போதகரைத் தாண்டினார். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் எசெரா கட்டிய குடில்கள் வந்தபோது அவை கட்டைவிரல் நகத்தளவு இருந்தன.

"அழி" என்றார்.

"எதை?"

"என்னை."

தாலிதா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழிக்க வேண்டாம் அப்பா. உள்ள இன்னொரு பக்கம் போடறேன், நம்ம குடும்பம்னு. அங்க நீங்க ஓரக் கம்பத்துல உக்காருங்க. வர்றவங்க தேடி வந்து பார்க்கட்டும்."

"அப்ப முன்னால நின்னு பேசறது யாரு?"

"பட்டன்."

முலிதாலோ யோசித்தார். "குரல் கணீர்னு இருக்கணும். சுத்தி எவனும் நிக்கக்கூடாது."

காலையிலிருந்து அவள் தொண்டை வறளச் சொன்னது அதேதான். இவர் வாயிலிருந்து இவருடைய கண்டுபிடிப்பு மாதிரி வந்தது. தாலிதா பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்கப்பா" என்றாள்.

"மிலியாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினார். போனைக் காதில் வைக்காமல் நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினார்.

"மிலியாமா, நான் செத்துட்டேனாம்."

"யார் சொன்னது? வாயைக் கழுவச் சொல்லு அவங்களை!"

"பக்கத்தைப் பார்க்கறவங்க எல்லாரும் சொல்றாங்க. பூ கொண்டு வந்து கொடுத்துட்டுப் போறாங்க. போதகரும் பக்கத்துலயே இருக்கறதால அவரும் சேர்ந்து போயிட்டதா நினைக்கறாங்களாம். அவர் சம்சாரத்துக்கு இது தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

அந்தப் பக்கம் தரை துடைக்கிற சத்தம் நின்றது.

"போதகரைக் கொஞ்சம் கீழ இறக்கிடு" என்றாள் மிலியாமா. "அந்தப் பட்டனாவது சிவப்பா இருக்கட்டும்."

அத்தைக்கு ஒன்று விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். பொத்தான் சிவப்பானது. அது ஒன்று மட்டும்.

மத்தியானம் முழுக்கத் தாலிதா தலை நிமிராமல் வேலை பார்த்தாள். பெயர்களையெல்லாம் உள்ளே அனுப்பினாள். வளைந்து வளைந்து ஓடிய எழுத்துகளைத் தூக்கினாள். காலியாக விட்டாள், கூட்ட வீட்டின் நடுத்தரை மாதிரி காலியாக. மேலே ஒரே ஒரு படம், காலையில் பிடித்தது. இடது ஓரத்தில் எசெரா, பக்கவாட்டு முகம், கண் வலது பக்கம். அவன் கண் போகிற கோட்டின் முடிவில், கடல் மேல், சிவப்புப் பொத்தான்.

ஆள் முகம் உன்னைப் பார்த்தால் நீ அதைப் பார்ப்பாய். அது வேறு எங்கோ பார்த்தால் நீயும் அங்கே பார்ப்பாய். கைக்குழந்தைக்கும் இருக்கிற பழக்கம் இது. இவ்வளவு நல்ல பார்வை காசு கொடுத்து வைத்த மாடலிடம்கூட அவளுக்குக் கிடைத்ததில்லை.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவரோடு பெரியவர்கள் சிலர் உட்கார்ந்திருந்ததால் குனிந்து, "துலோ" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடுவே போனாள்.

முலிதாலோ பார்த்தார். அவர் கண் மகன் முகத்துக்குப் போனது. அங்கிருந்து வழுக்கிக்கொண்டு போய்ப் பொத்தானில் நின்றது. தாலிதா அதைப் பார்த்தாள்.

"இவன் எதைப் பார்க்கிறான்?" என்று கேட்டார் முலிதாலோ.

"பட்டனைத்தான்."

"அது நீ பின்னால வச்சது. உக்கார்ந்திருந்தப்ப எதைப் பார்த்தான்?"

"எதையோ. அது எதுக்கு இப்ப? நேரம் ஆயிடுச்சு, ஏத்திடறேன்."

ஏற்றினாள்.

மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதியபோது சூரியன் தண்ணீரைத் தொட்டிருந்தது. சங்கு ஊதிவிட்டால் ரோட்டில் நடக்கிறவன்கூட நின்றுவிட வேண்டும். பெரிய வீட்டில் எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஸலோமே பாட்டை எடுத்துக் கொடுத்தாள். மடியில் வைத்திருந்த போன் தாலிதாவின் தொடையில் உதறியது.

அவள் பாட்டை விட்டாள். ஸலோமே முறைத்தாள். தாலிதா மறுபடி பாடினாள்.

முலிதாலோ ஜெபம் செய்தார். என்றைக்கும் நீளமாகத்தான் செய்வார். இன்று உயிரோடு இருப்பதற்கும் சேர்த்து நன்றி சொன்னார். நடுவில் போன் மறுபடி உதறியது. அண்டை வீட்டாருக்காக ஜெபித்தபோது இன்னொரு தடவை. தாலிதா கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆமென் வரட்டும், ஆமென் வரட்டும் என்று தன் ஜெபத்தைச் செய்தாள்.

ஆமென் வந்தது.

"மூணு!" போனைத் தூக்கிக் காட்டினாள். "மூணு புக்கிங்! ஒருத்தர் வெள்ளிக்கிழமையே வர்றாங்க, ஒரு வாரம் இருக்காங்க!"

ஸலோமே கையைத் தட்டி, "ச்சூ-ஹூ!" என்று தெருவுக்கே கேட்கக் கூவினாள். முலிதாலோ "ம்" என்றார். அந்த ம்-முக்குள் பெரிய சந்தோஷம் இருந்தது.

"எசெரா! சாயங்காலத்துக்குள்ளன்னு சொன்னே இல்ல? இந்தா, சாயங்காலம். நீ எங்கயும் போக வேண்டாம்."

எசெரா பாயின் விளிம்பில் பிரிந்த ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"பேர் கொடுத்துட்டேன்" என்றான்.

"எப்ப?"

"காலையில. நீ அந்தத் தொப்பிக்காரிகிட்ட பேசிட்டிருந்தப்ப. வியாழக்கிழமை விமானம்."

வெள்ளை வேனும் அந்த முதுகும் அப்போதுதான் தாலிதாவுக்கு ஞாபகம் வந்தது. வெறுங்கையோடு வந்து வண்டியில் ஏறினதும் வந்தது.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்னு சொன்னியேடா!"

"ஒரு இடம்தான் மிச்சம்னாங்க. மத்தியானத்துக்கு மேல நிக்காதுன்னாங்க." ஓலை முழுதாகப் பிய்ந்து வந்தது. "காலையில நீ அப்பாகிட்ட பேசினதைக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். அவர் மாற மாட்டார்னு நினைச்சேன்."

அவன் அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சொன்னது அவருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. முலிதாலோ மகள் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தார். படத்தில் எசெரா தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கடலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் இந்தத் தடவை பொத்தானுக்குப் போகவில்லை. மகன் முகத்திலேயே நின்றார்.

அவர் கையிலேயே போன் உதறியது. நாலாவது. யார், எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வர்றவங்களுக்கு உமு அடுப்பு யார் போடறது?" என்றாள் ஸலோமே, மெல்ல. "படகு யார் தள்றது?"

முலிதாலோ எழுந்தார். "அந்த வேன்காரன் ராத்திரி எங்க தங்கறான்?"

"படகுத்துறைக்குப் பக்கத்துல. எதுக்குப்பா?"

"ஸலோமே, என் கறுப்புக் கோட்டை எடு."

ஸலோமே பெட்டியைத் திறக்கப் போனாள். அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் அந்த வேன்காரன் என்ன, விமானக் கம்பெனியே பெயரை அடித்துவிடும் என்று தாலிதாவுக்கு ஒரு தைரியம் வந்தது. அதைச் சொல்லத்தான் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

எசெரா அப்பாவைப் பார்க்கவில்லை, கோட்டையும் பார்க்கவில்லை. கம்பங்களுக்கு நடுவே, கடைசி வெளிச்சம் கிடந்த தண்ணீருக்கு மேலே, படம் எடுத்தபோது பார்த்த அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா" என்றாள் தாலிதா. "கொஞ்சம் இருங்க. இவன்கிட்ட ஒண்ணு கேட்கணும்."